பள்ளத்து வீடு: லண்டன் பாதாளச் சாக்கடையின் நூற்றெழுபது ஆண்டுகள்

நகரங்களின் வரலாற்றைத் தரைக்கு மேலே தெரிபவற்றைக் கொண்டே எழுதிப் பழகியவர்கள் நாம். கோட்டை, கோபுரம், பாலம், மன்றம் என்று கண்ணில் படுபவை எல்லாம் ஏடுகளில் இடம்பெற்றுவிடுகின்றன. தரைக்குக் கீழே ஓடும் சாக்கடைக்கு அந்த ஏடுகளில் ஓர் அடிக்குறிப்பு கிடைத்தாலே அதிகம். ஆனால் ஒரு நகரம் தன்னைப் பற்றி என்ன நினைத்திருந்தது, எவ்வளவு வளர்வோம் என்று எதிர்பார்த்தது, அந்த எதிர்பார்ப்பு எங்கே பிழைத்தது என்பதையெல்லாம் அறிய வேண்டுமானால் அதன் சாக்கடைக் குழாய்களைத்தான் கேட்க வேண்டும்.

ஏனெனில் ஒவ்வொரு சாக்கடைக் குழாயும் ஓர் ஊகம். இன்னும் பிறக்காத மக்கள் எத்தனை பேர், அவர்கள் நாளொன்றுக்கு எவ்வளவு நீர் செலவிடுவார்கள், எத்தனை கூரைகளிலிருந்து மழைநீர் வந்து சேரும் என்பதையெல்லாம் ஒருவர் கணக்கிட்டு, அந்தக் கணக்கைச் செங்கல்லில் எழுதி மண்ணுக்குள் புதைத்துவிடுகிறார். ஊகம் பிழைத்தால் அதன் விலையைக் கொடுப்பவர் கணக்கிட்டவரும் அல்லர், புதிய வீடுகளைக் கட்டி விற்றவரும் அல்லர். நீர் பள்ளத்தைத் தேடும். ஆகவே தெருவின் மிகத் தாழ்ந்த வீட்டில் இருப்பவரே அதைக் கொடுக்கிறார். லண்டனின் கதையை இந்தப் பள்ளத்து வீட்டின் பக்கமிருந்து சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1

லண்டனின் பழைய சாக்கடைகள் மனிதக் கழிவுக்காகக் கட்டப்பட்டவை அல்ல, அவை மழைநீருக்கானவை. வீட்டுக் கழிவை அவற்றில் விடுவது 1815 வரை சட்ட விரோதம். ஒவ்வொரு வீட்டுக்கும் அடியிலோ பின்புறத்திலோ ஒரு மலக்குழி இருந்தது. இரவில் வரும் தொழிலாளர்கள் அதை அள்ளி வண்டியேற்றி, நகருக்கு வெளியே உள்ள தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் எருவாக விற்றார்கள். இழிவும் இன்னலும் நிறைந்த தொழில்தான். எனினும் அந்த ஏற்பாட்டில் ஒரு சுழற்சி இருந்தது. ஊருக்குள் உணவாக வந்தது எருவாக வயலுக்குத் திரும்பியது.

இரண்டு மாற்றங்கள் அந்தச் சுழற்சியை உடைத்தன. ஒன்று, ஊரின் பெருக்கம். 1801ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழப் பத்து லட்சமாக இருந்த லண்டன், 1851ல் இருபத்து மூன்று லட்சத்தைத் தாண்டியது. நகரம் விரிய விரிய வயல் தூரமாயிற்று, எரு வண்டியின் கூலி ஏறிற்று. மற்றொன்று, நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செல்வர் வீட்டுப் பொருளாயிருந்த அது, அரை நூற்றாண்டுக்குள் நடுத்தர வீடுகளுக்கும் வந்துவிட்டது. வீட்டுக்குள் அது தூய்மையைக் கொண்டுவந்தது; வீட்டுக்குக் கீழே இருந்த மலக்குழியைச் சில நாட்களிலேயே நிரப்பி வழியவிட்டது. கெட்டியாக இருந்ததை அள்ளலாம். நீராக வருவதை எப்படி அள்ளுவது?

1848ல் அமைந்த பெருநகரச் சாக்கடை ஆணையம் மலக்குழிகளை மூடிச் சாக்கடையோடு இணைக்க வற்புறுத்தியது. எட்வின் சாட்விக் போன்றோர், நோய் துர்நாற்றத்திலிருந்து பிறக்கிறது என்று உறுதியாக நம்பியவர்கள். நாற்றத்தை வீட்டிலிருந்து அகற்றினால் நோயும் அகலும் என்பது அவர்களின் வாதம். அகற்றப்பட்டது எங்கே போயிற்று? தேம்ஸ் நதிக்கு. அதே நதியிலிருந்துதான் பல குடிநீர் நிறுவனங்கள் நீர் எடுத்து வந்தன. 1848-49ல் வந்த காலராவில் லண்டனில் மாண்டவர்கள் பதினான்காயிரத்துக்கும் மேல். 1853-54ல் பத்தாயிரத்துக்கும் மேல். நோய் காற்றில் அல்ல, குடிநீரில் வருகிறது என்று 1854ல் பிராட் தெருக் குழாயைச் சுட்டிக்காட்டி ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் வாதிட்டார். அவர் வாழ்ந்த காலத்தில் அந்த வாதத்தை ஏற்றவர் சிலரே.

நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட ஒரு சீர்திருத்தம் ஒருவர் வீட்டு அழுக்கை இன்னொருவர் குவளைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இக்கதை முழுவதும் திரும்பத் திரும்ப வரும் வடிவம் இதுதான்.

2

1855ல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே தேம்ஸில் படகில் சென்றபோது வெள்ளை அட்டைத் துண்டுகளை நீரில் போட்டுப் பார்த்து, அவை ஓரங்குலம் மூழ்குமுன்பே மறைந்துவிட்டதாக 'டைம்ஸ்' இதழுக்கு எழுதினார். 1858ன் கடும் கோடையில் நாற்றம் நதிக்கரையிலிருந்த பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது. சன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் பயனில்லை. ஏழைகளின் குடியிருப்புகளில் ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது ஆண்டுக்கணக்கில் இழுபட்ட விஷயம், உறுப்பினர்களின் மூக்கை எட்டியவுடன் வாரக்கணக்கில் முடிந்தது. ஜூலை நடுவில் டிஸ்ரேலி கொண்டுவந்த மசோதா ஆகஸ்ட் 2ஆம் நாள் சட்டமாயிற்று.

பொறியாளர் ஜோசப் பசல்ஜெட்டின் திட்டம் அதற்கு முன்பே தயாராக இருந்தது. நதியை நோக்கி வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் இறங்கி வந்த பழைய சாக்கடைகளை வழியிலேயே மறித்து, நதிக்கு இணையாகக் கிழக்கு நோக்கி ஓடும் பெருங்குழாய்களில் சேர்த்து, நகருக்கு அப்பால் வடகரையில் பெக்டனிலும் தென்கரையில் கிராஸ்நெஸ்ஸிலும் வெளியேற்றுவது. மறிப்புக் குழாய்கள் 82 மைல். அவற்றோடு தெருச் சாக்கடைகள் 1,100 மைல். முப்பத்தொரு கோடிக்கும் மேற்பட்ட செங்கற்கள். குழாய்கள் முட்டை வடிவில், குறுகிய முனை கீழாக அமைந்தன. நீர் குறைந்திருக்கும் வேளையிலும் அழுக்குத் தங்காமல் அடித்துச் செல்லப்படும் என்பதே காரணம். வாட்டம் பல இடங்களில் மைலுக்கு இரண்டடிதான்.

1866ல் காலரா மீண்டும் வந்தபோது, புதிய அமைப்பு இன்னும் முழுமையடையாதிருந்த கிழக்கு லண்டனில்தான் பெரும்பாலோர் மாண்டனர். கட்டிய குழாயின் மதிப்பைக் காட்ட அதைவிட வேறு சான்று வேண்டியிருக்கவில்லை.

பசல்ஜெட் தேவையான அகலத்தைக் கணக்கிட்டு, பிறகு அதை இரட்டிப்பாக்கினார் என்றொரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. தீர்க்கதரிசிகளை நாம் விரும்புவதால் அக்கதையும் விரும்பப்படுகிறது. அவர் 1865ல் பொறியாளர் சங்கத்தில் படித்த கட்டுரையில் நாம் சந்திப்பது தீர்க்கதரிசியை அல்ல, நிதானமான ஒரு கணக்கரை. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கன அடி, அதாவது சுமார் 140 லிட்டர் கழிவுநீர். அதில் பாதி ஆறு மணி நேரத்துக்குள் வந்துவிடும். நகரின் உள்பகுதியில் சதுர மைலுக்கு 30,000 பேர், வெளிப்பகுதிகளில் 20,000 பேர். மழை நாளொன்றுக்குக் கால் அங்குலம். அன்று வயலும் தோட்டமுமாக இருந்த வெளிப்பகுதிகளும் ஒருநாள் வீடாகும் என்று எதிர்பார்த்துக் கணக்கில் சேர்த்தது அவருடைய உண்மையான தொலைநோக்கு. அந்த அமைப்பு தாங்கும் மக்கள்தொகை நாற்பது லட்சம் வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

கால் அங்குலத்துக்கு மேல் மழை பெய்தால்? அதற்கும் விடை வைத்திருந்தார். மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் செல்லும் கலப்பு அமைப்பு அது. பெருமழையில் குழாய் நிரம்பினால் வீடுகளுக்குள் எதிர்த்து ஏறாமலிருக்க, உபரியை நதிக்கே திறந்துவிடும் வாய்கள் அமைக்கப்பட்டன. ஃபிளீட், எஃப்ரா முதலிய பழைய சிற்றாறுகள் பலவும் மூடப்பட்டு அந்த வேலைக்கு அமர்த்தப்பட்டன. அரிதாக, பெருமழை நாட்களில் மட்டும் திறக்கும் என்று எண்ணி வைத்த வாய்கள். அந்த 'அரிதாக' என்ற சொல்லை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

3

பசல்ஜெட் 1891 மார்ச் 15ஆம் நாள் காலமானார். மூன்று வாரங்களில், ஏப்ரல் 5ஆம் நாள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. லண்டன் கவுண்டியின் தொகை நாற்பத்திரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. அவர் கட்டிய குழாயின் எல்லை அவர் ஆயுளோடு முடிந்துபோயிற்று.

பிறகு வந்த லண்டன் கவுண்டி கவுன்சில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிய மறிப்புக் குழாய்களையும் நீரேற்று நிலையங்களையும் சேர்த்தது. ஆனால் வீடுகள் குழாய்களுக்காகக் காத்திருக்கவில்லை. ரயில் பாதை எங்கே போயிற்றோ அங்கே வீட்டு வரிசைகளும் போயின. 1883ஆம் ஆண்டின் மலிவுக் கட்டண ரயில் சட்டம் தொழிலாளரையும் புறநகருக்கு அனுப்பியது. கிழக்கே உள்ள இல்ஃபர்ட் 1891ல் பதினோராயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர். 1911ல் அங்கே எழுபத்தெட்டாயிரம் பேர். இரு உலகப் போர்களுக்கு இடையே பிரிட்டனில் நாற்பது லட்சம் அளவுக்குப் புதிய வீடுகள் எழுந்தன. 1939ல் பெருநகர் லண்டனின் மக்கள்தொகை எண்பத்தாறு லட்சம்.

இப்புறநகர்களில் பலவும் முந்தைய தலைமுறையின் பிழையைத் திருத்திக் கட்டப்பட்டவை. கழிவுநீருக்கு ஒரு குழாய், மழைநீருக்கு வேறொரு குழாய். மேற்கு மிடில்செக்ஸில் இருபதுக்கும் மேற்பட்ட சிறு சுத்திகரிப்பு நிலையங்களை மூடிவிட்டு 1936ல் மாக்டனில் ஒரே பெரிய நிலையம் திறக்கப்பட்டது. சுத்திகரிப்பு நிலையமும் பெருங்குழாயும் அரசின் பார்வையில் இருப்பவை, திறப்புவிழா உள்ளவை. இவற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே, தெருவுக்கு அடியில் கிடக்கும் ஒன்பது அங்குலக் குழாய்க்குத் திறப்புவிழா இல்லை. நூறு வீடுகளுக்கென்று போட்ட அந்தக் குழாயில் நூற்றைம்பதாவது வீடு வந்து சேரும் நாளை எவரும் குறித்துவைப்பதும் இல்லை.

4

அந்த நாளில் சட்டம் என்ன சொல்கிறது? 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், அறிவிப்புக் கொடுத்து விதிகளுக்கு இணங்கினால் எந்த வீட்டுக்காரரும் தம் வடிகாலைப் பொதுச் சாக்கடையோடு இணைத்துக்கொள்ளலாம் என்று உரிமை தந்தது. 1936ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தொடர்ந்தது. 1991ஆம் ஆண்டின் நீர்த் தொழில் சட்டத்தில் 106ஆம் பிரிவாக இன்றும் அது இருக்கிறது. இது எளிதாகப் பழித்துவிடக்கூடிய உரிமை அல்ல. காலராவின் நினைவிலிருந்து பிறந்த உரிமை அது. உன் வீட்டை இணைக்க மாட்டோம் என்று ஒருவரைத் தள்ளிவைத்தால் நோய் எல்லோரையும் தேடிவரும் என்ற பாடத்தின் சட்ட வடிவம். சிக்கல் உரிமையில் இல்லை. அதற்கு இணையாக வந்திருக்க வேண்டிய கடமை வராமல் போனதில் இருக்கிறது.

முதலில் இல்ஃபர்ட். அங்கே ஒரு வீட்டுக்காரரின் நிலத்தில் மேன்ஹோலிலிருந்து கழிவுநீர் பொங்கி வழிந்தது. அவர் நகராட்சி மீது வழக்குத் தொடர்ந்தார். 1954ல் தீர்ப்பு வந்தது. குழாய் அளவுக்கு மீறிச் சுமையேறியிருப்பது உண்மைதான். ஆனால் புதிய வீடுகளை இணைக்க மறுக்கும் அதிகாரம் நகராட்சிக்குச் சட்டப்படி இல்லை. ஆகவே தொல்லையை உண்டாக்கியது நகராட்சி என்று சொல்ல முடியாது. வீட்டுக்காரருக்கு நிவாரணம் இல்லை.

அடுத்தது ஸ்டான்மோர், வடமேற்கு லண்டனின் புறநகர். 1930களில் குழாய் போட்டபோது அது போதுமானதாகவே இருந்தது. பிறகு வீடுகள் சேர்ந்துகொண்டே வந்தன. 1992 முதல் ஒரு வீட்டின் தோட்டத்தில் மழைநீரும் கழிவுநீரும் மீண்டும் மீண்டும் நிரம்பின. அவர் தம் செலவிலேயே தற்காப்பு வடிகால் அமைத்துக்கொண்டார். அப்பகுதியின் கழிவுநீர்ப் பொறுப்பு தேம்ஸ் வாட்டர் நிறுவனத்திடம் இருந்தது. எந்த இடத்தை முதலில் சீர்செய்வது என்பதற்கு நிறுவனம் வைத்திருந்த வரிசை முறையின்படி அவர் வீட்டின் முறை கண்ணுக்கெட்டிய காலத்தில் வருவதாக இல்லை. 2002ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2003 டிசம்பரில் பிரபுக்கள் சபை அதைத் தள்ளிவிட்டது. எவ்வளவு செலவில், எந்த வரிசையில் சாக்கடைகளை விரிவாக்குவது என்பது நீதிமன்றம் ஒரு வீட்டை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கக்கூடியதன்று. எல்லா வாடிக்கையாளரின் கட்டணத்தையும் பார்க்கும் ஒழுங்குமுறை அதிகாரியே தீர்மானிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். தர்க்கத்தில் குறை காண்பது கடினம். ஆனால் ஊர் முழுவதன் சிக்கனத்துக்கும் ஒரு வீட்டின் தோட்டம் தொடர்ந்து விலை கொடுத்தது என்பதும் அதே தர்க்கத்தின் மறுபக்கம்.

மூன்றாவது வழக்கு லண்டனுக்கு வெளியே, வேல்சில் ஆபர்கவென்னிக்கு அருகே லன்ஃபாய்ஸ்ட் என்ற ஊரில். பாரட் நிறுவனம் 98 வீடுகளும் ஒரு தொடக்கப் பள்ளியும் கட்ட முனைந்தது. அருகிலுள்ள குழாய்க்குக் கொள்ளளவு இல்லை, தள்ளியுள்ள வேறொரு இடத்தில் இணையுங்கள் என்றது வேல்ஸ் நீர் நிறுவனம். 2009 டிசம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் கட்டுமான நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இணைக்கும் வடிகாலின் கட்டுமானத்திலோ நிலையிலோ குறை இருந்தால் மறுக்கலாம். பொதுக் குழாயில் இடமில்லை என்பதற்காக மறுக்க முடியாது. சுமையைப் பற்றிய கவலையை வீடு கட்ட அனுமதி கொடுக்கும் கட்டத்திலேயே எழுப்ப வேண்டும் என்றனர் நீதிபதிகள். இருபத்தொரு நாள் அறிவிப்பில் இணைக்கும் உரிமைக்கும், ஒரு குழாயை அகலப்படுத்த ஆகும் ஆண்டுகளுக்கும் இடையே உள்ள பொருத்தமின்மையை நீதிமன்றம் காணாமலில்லை. அதைத் தீர்ப்பது பாராளுமன்றத்தின் வேலை என்று விட்டது.

மூன்று வழக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் பொறுப்பு எப்படிக் கைமாறுகிறது என்பது புரியும். கட்டுபவருக்கு இணைக்கும் உரிமை உண்டு. குழாயின் உடைமையாளருக்கு மறுக்கும் உரிமை இல்லை; ஆகவே குற்றமும் இல்லை. அனுமதி தருபவருக்குக் குழாய் சொந்தமில்லை. ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் சட்டப்படி நடந்துகொள்கிறார்கள். நீர் மட்டும் பள்ளத்து வீட்டுக்கு வந்துவிடுகிறது.

5

புதிதாகக் குடிவருபவர்கள் மீது இந்தச் சுமையைச் சாற்றிவிடத் தோன்றலாம். அது அவசரம். ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். நால்வர் வாழும் வீட்டின் கழிவுநீர் ஆளுக்கு 150 லிட்டர் வீதம் நாள் முழுவதற்கும் 600 லிட்டர். அதே வீட்டின் கூரை 50 சதுர மீட்டர் என்றால், 20 மில்லிமீட்டர் மழை அதிலிருந்து 1,000 லிட்டரை ஒரு மணி நேரத்துக்குள் இறக்கிவிடும். குழாயைத் திணறவைப்பது பெரும்பாலும் வீட்டுக்குள் வாழும் மனிதர்கள் அல்லர். மண்ணை மூடிய கூரையும் சிமெண்டுத் தரையும்தான்.

மண்ணை மூடியவர்கள் புதியவர்கள் மட்டும் அல்லர். லண்டன் வீட்டுத் தோட்டங்களைப் பற்றி 2010ல் வெளியான ஆய்வு, ஏறத்தாழப் பத்தாண்டுகளில் 3,000 ஹெக்டேர் பசுமை அழிந்ததாகக் கணித்தது. கார் நிறுத்தத் தளமிட்டதும், கொட்டகையும் பின்கட்டும் எழுப்பியதும் காரணங்கள். செல்வச் செழிப்புள்ள கென்சிங்டன் முதலிய ஏழு வட்டாரங்களில் 2008க்கும் 2017க்கும் இடையே 4,650 நிலவறைகளுக்கு அனுமதி வழங்கப்பட்டதாக நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வு எண்ணிச் சொன்னது. நீச்சல் குளமும் திரையரங்கும் வைக்க மண்ணுக்குள் இறங்கிய அவை, சாக்கடைக்கு நிகரான ஆழத்துக்குத் தாமே வலிந்து போய்ப் பள்ளத்து வீடுகளாகிக்கொண்டன. 2021 ஜூலைப் பெருமழையில் அப்பகுதியின் நிலவறைகள் பலவற்றில் கழிவுநீர் புகுந்தது.

அரிதாகத் திறக்க வேண்டிய நதி வாய்களின் நிலையும் இதுவே. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றுள் சில ஆண்டுக்கு ஐம்பது அறுபது முறை திறந்தன. ஓராண்டில் 3.9 கோடி டன் கழிவு கலந்த நீர் நதியில் சேர்வதாகக் கணக்கிடப்பட்டது. 2012ல் ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டன் விதியை மீறியதாகத் தீர்ப்பளித்தது. 2016ல் பணி தொடங்கிய 25 கிலோமீட்டர் தேம்ஸ் டைட்வே சுரங்கம் 2025 பிப்ரவரியில் முழுமையாக இணைக்கப்பட்டது. 7.2 மீட்டர் விட்டம். நதிக்கு அடியில் செல்லும் இந்தச் சுரங்கம் வழிந்ததை வாங்கித் தேக்கிச் சுத்திகரிப்புக்கு அனுப்புகிறது. பசல்ஜெட்டின் வேலைக்கு நிகரான வேலை, ஐயமில்லை. ஆனால் அது நதியைக் காப்பது. தெருமுனையின் ஒன்பது அங்குலக் குழாய்க்கு அதனால் கிடைப்பது ஏதுமில்லை.

தெருமுனைக்கான மருந்து வேறு: மழையைப் பெய்த இடத்திலேயே மண்ணுக்குள் இறங்கவிடுவது. முன்முற்றத்தில் ஐந்து சதுர மீட்டருக்கு மேல் நீர் இறங்காத தளமிட அனுமதி வேண்டும் என்று 2008 முதல் இங்கிலாந்தில் விதி இருக்கிறது. மழைநீரைப் பொதுக் குழாயில் தானாகவே இணைக்கும் உரிமைக்கு முற்றுப்புள்ளி வைக்கும் ஏற்பாடு 2010ஆம் ஆண்டு வெள்ளச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. வேல்ஸ் அதை 2019 ஜனவரியில் நடைமுறைப்படுத்தியது. இங்கிலாந்தில் 2024ல் வரும் என்று அரசு அறிவித்தும், அந்த ஆண்டு அது வராமலே கழிந்தது.

இதே கணக்கர் மரபு நம் ஊருக்கும் கப்பலேறி வந்தது. சென்னையின் பாதாளச் சாக்கடை 1910ல் வடிவமைக்கப்பட்டபோது, 1961ல் நகரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று எண்ணினார்கள். 1961ல் எண்ணியபோது பதினேழு லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். லண்டனில் அடைபடும் குழாய் ஒரு வீட்டின் தரையை நனைக்கிறது. இங்கே அது ஒரு மனிதனைக் கயிறு கட்டி உள்ளே இறக்குகிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பிறகும் அந்த இறக்கம் நிற்கவில்லை. நம் நாட்டில் பள்ளத்து வீடு என்பது இடத்தால் மட்டுமல்ல, சாதியாலும் தீர்மானிக்கப்படுகிறது.

வீடுகள் வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை; வீடில்லாதவர் முன் அப்படிச் சொல்வது அநீதி. நாம் கேட்கக்கூடியது சிறியது. புதிய குடியிருப்புக்கு அனுமதி எழுதும் தாளில் அறைகளின் எண்ணிக்கையோடு தெருக் குழாயின் அகலமும், அது ஏற்கெனவே சுமக்கும் வீடுகளின் எண்ணிக்கையும் எழுதப்பட வேண்டும். போதாதென்றால் அதை விரிவாக்கும் செலவு கட்டுபவர் கணக்கில் முதலிலேயே ஏற வேண்டும். எழுதப்படாத அந்தச் செலவைத்தான் இல்ஃபர்டிலும் ஸ்டான்மோரிலும் தெருவின் தாழ்ந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் கட்டிவந்தார்கள்.